சிமெண்டில் நட்ட பார வண்டி

ஆயுத பூஜையன்று காலை நான் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, காம்பவுண்டை ஒட்டித் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு லாரியின் முகத்திலும் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் சந்தனப் பொட்டு, பம்பரில் செவ்வந்தி மாலை. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். எல்லா லாரியிலும் தண்ணீர் தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தது. பின்பக்கக் குழாய்களிலிருந்து ஒழுகிய தண்ணீர் ரோட்டோரம் சின்ன ஓடையாக ஓடியது. ஒரு லாரிகூட நகரவில்லை.

டிரைவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, "என்னண்ணா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டேன்.

"உள்ள கீற வண்டி நவுந்தாத்தான் நாங்க நவுர முடியும்க்கா" என்றார் ஒருவர்.

உள்ளே இருந்தது ஒரு மாட்டு வண்டி. அது நகராது. நகரவே முடியாதபடி அதன் இரண்டு சக்கரங்களையும் நாங்கள் கான்கிரீட்டில் புதைத்து வைத்திருந்தோம்.

ரம்ஜான் மாதத்துக்குள்ளேயே ஆயுத பூஜையும் வந்த வருஷம் அது. நான் நோன்பு. செலையூரில் எங்கள் பிளாட்டின் மேல்தொட்டி காலி. சாயங்காலம் நோன்பு திறக்க அத்தா தன் கடைத்தெருச் சிநேகிதர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எங்களுக்கு வர வேண்டிய தண்ணீரும் அந்த வரிசையில்தான், எனக்குக் கை எட்டும் தூரத்தில், சொட்டிக்கொண்டிருந்தது.

மைலேஜ் என்ன கொடுக்கும்?

இந்தத் தொடரில் என் முதல் வேலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போன வாரம் சொன்னதுமே, ஒரு வாசகர் 'மியூசியத்தில் என்ன பெரிய வேலை இருக்கும், தூசி தட்டுவதா?' என்று கேட்டிருந்தார். பாதி வேலை அதுதான். மீதிப் பாதி, தூசி தட்டியதைப் 'பாதுகாப்புப் பணி' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது.

மாடம்பாக்கத்தைத் தாண்டி, வயல்கள் பிளாட்டுகளாக மாறிக்கொண்டிருந்த ஒரு ரோட்டில் இருந்தது அந்த கிராமிய அருங்காட்சியகம். அதை நடத்தியவரை எல்லோரும் சேர்மன் என்பார்கள். எதற்குச் சேர்மன் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அவர்தான் அந்த வயல்களை வாங்கியவர், பிளாட்டுகளைக் கட்டியவர். ஒரு மூலையில் மட்டும் தலைக்கு மேலே உயரழுத்த மின்கம்பி போனதால் கட்டட அனுமதி கிடைக்கவில்லை. வீடு கட்ட முடியாத இடத்தில் பண்பாட்டைக் கட்டிவிட்டார்.

வயலோடு வந்த கலப்பை, கிணற்று நீர் இறைத்த கவலைச் சால், மரக்கால், உலக்கை எல்லாம் உள்ளே வரிசையாக நின்றன. அவற்றில் ராஜா, வண்டிகள்தான். பெரிய மனிதர்கள் ஊர்வலம் போன வில் வண்டி ஒன்று, கூண்டு வண்டி ஒன்று, நெல் மூட்டையும் எருவும் சுமந்த பார வண்டி ஒன்று. நான் வரலாற்றில் எம்.ஏ. முடித்திருந்தேன். அதனால் வண்டிகளுக்குக் காப்பாளர் ஆனேன்.

நாவலூர் கம்பெனிகளிலிருந்து 'டீம் அவுட்டிங்' என்று பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவராவது பார வண்டியைத் தட்டி, "மேடம், மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்று கேட்பார். தான்தான் முதன்முதலாகக் கேட்கிறோம் என்ற பெருமையோடு கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். பொத்தேரிப் பக்கத்திலிருந்து வரும் கல்லூரி ஜோடிகள் அந்தக் கேள்விகூடக் கேட்க மாட்டார்கள். அவர்களுக்குக் கூண்டு வண்டியின் நிழல் போதும்.

வண்டிகளுக்கு முன்னால் நிறுத்த ஃபைபரில் காளைகள் செய்யச் சொல்லியிருந்தார் சேர்மன். செய்தவர் பால் கடைகளுக்குப் பொம்மை மாடு செய்து பழகியவர். வேனிலிருந்து இறக்கியபோது எல்லாக் காளைக்கும் மடி இருந்தது. "இதுல என்னம்மா தப்பு, மாடு மாதிரிதானே இருக்கு?" என்றார் சேர்மன். கிரைண்டர் வைத்து மடியை அறுத்தோம். அறுத்த இடத்தில் பெயிண்ட் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகள் வண்டியைப் பார்க்காமல் குனிந்து குனிந்து அதைத்தான் பார்த்தார்கள்.

சக்கரத்துக்கு அஸ்திவாரம்

சிமெண்ட் கதைக்கு வருகிறேன்.

மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம். முன்னால் மாடு இல்லாதபோது பின்பக்கம் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இது வண்டியைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். டீம் அவுட்டிங் வந்த ஒரு மேனேஜருக்குத் தெரியவில்லை. நல்ல உடம்பு. போட்டோவுக்காகப் பார வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நுகத்தடி மேலே எழும்பி, ஷெட்டின் டியூப் லைட்டை உடைத்து, சேர்மனின் அப்பா படத்தின் மேல் போய் நின்றது. மேனேஜர் கீழே, அப்பா மேலே.

அன்று சாயங்காலமே சேர்மன் தன் சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டார். அந்த இன்ஜினியர் வாழ்நாளில் கட்டியதெல்லாம் பிளாட்டுகள். எதைக் காட்டினாலும் அதற்கு எவ்வளவு ஆழம் அஸ்திவாரம் போடலாம் என்றுதான் யோசிப்பார். "சார், சக்கரத்துல ஒரு சாண் உள்ள போற மாதிரி காங்கிரீட் போட்டுடலாம். பூகம்பம் வந்தாலும் அசையாது" என்றார்.

மரச் சக்கரத்தைச் சிமெண்டில் புதைத்தால் அடி உளுத்துப்போகும் என்று நான் சொன்னேன். "அதுக்குத்தான் பெயிண்ட் இருக்கே" என்று விட்டார்கள். இரண்டு நாளில் பார வண்டி ஒரு மேடையில் நடப்பட்டது. மேடையின் ஓரத்துக்குக் கிரானைட், முன்பக்கத்தில் வாசல் வரைக்கும் ஒரு சரிவு. மழைத் தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட வேண்டும் என்று அந்தச் சரிவையும் இன்ஜினியரே கொடுத்திருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாத போர்டு

அந்தப் பார வண்டி கன்னியப்பன், ஏகாம்பரம் என்ற அண்ணன் தம்பியுடையது. அந்த ஊரின் பழைய குடித்தனக்காரர்கள். நிலத்தை விற்றுவிட்டார்கள். ஒரு கிணற்றை மட்டும் விற்கவில்லை. நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் இப்போது பிளாட்டுகளுக்குப் பாய்ந்தது, லாரி லாரியாக. அண்ணனுக்குத் தனி லாரிகள், தம்பிக்குத் தனி லாரிகள், கிணறு மட்டும் பொது.

பாகம் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். வண்டி ஒன்றுதான் நின்றது. மூத்தவன் நான், எனக்குத்தான் என்றார் கன்னியப்பன். ஓட்டியவன் நான், எனக்குத்தான் என்றார் ஏகாம்பரம். உனக்குப் போவதைவிட அடுப்புக்குப் போகட்டும் என்றுகூட ஒருவர் சொன்னாராம். எவர் என்பதில் இரண்டு கட்சி உண்டு. கடைசியில் இரண்டு பேருக்கும் வேண்டாம், மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊரார் தீர்த்து வைத்தார்கள். பாரம்பரியத்தைக் காக்க மனமுவந்து அளித்தது என்று எங்கள் கையேட்டில் அச்சடித்திருந்தோம். அவர்கள் மனம் உவந்த லட்சணம் இதுதான்.

கொடுத்த அன்றே அடுத்த சண்டை. போர்டில் யார் பெயர் முதலில்? இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் 'நன்கொடை: ஒரு விவசாயக் குடும்பம்' என்று பொதுவாக எழுதி மாட்டினேன். அதில் இரண்டு பேருக்கும் சம அளவு கோபம். அது தை மாதம். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கிணற்றடியில் ஒருவர் லாரி நிரம்பியதும் அடுத்தவர் லாரி ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

முதலில் வண்டி, அப்புறம் லாரி

இப்போது ஆயுத பூஜைக் காலைக்குத் திரும்புவோம்.

உள்ளே கன்னியப்பன் பட்டு வேட்டியில், சட்டை இல்லாமல், பார வண்டியின் முன்னால் நின்றிருந்தார். சக்கரங்களுக்குச் சந்தனம், நுகத்தடிக்கு மாலை, பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் தயார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம் இது? சக்கரத்த நட்டு வச்சிகினு கீறீங்க. மொளைக்குமா?"

"பூஜை மட்டும்தானே போடப் போறீங்கன்னு நினைச்சிட்டோம்ண்ணா" என்றேன்.

"பழம் நசுங்காம இன்னா பூஜ? வருசா வருசம் இந்த வண்டி பழத்து மேல ஏறும். அப்பறம்தான் லாரி எல்லாம் ஏறும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இதான். வண்டி ஏறாம லாரிய எட்த்தா எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

வெளியே ஏகாம்பரம் தன் லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணனோடு பேச்சு இல்லையே தவிர, இந்த விஷயத்தில் அணுவளவும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் லாரிகளும் நகரவில்லை.

மாடம்பாக்கத்திலிருந்து செலையூர் வரை எத்தனையோ பிளாட்டுகள் அன்று இந்த எலுமிச்சம்பழத்தை நம்பி இருந்தன. அது யாருக்கும் தெரியாது. தொட்டி காலியாகக் காலியாகத்தான் தெரிய ஆரம்பித்தது.

அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஷமீ, கஞ்சிக்கு அரிசி களையக்கூட கேன் தண்ணி வாங்கியிருக்கேன். தொழுறதுக்கு ஒளு செய்யத் தண்ணி இல்ல. வர்றவங்க கை கழுவக்கூட இல்ல. லாரி எங்கதான் போச்சாம்?"

"என் எதிர்லதாம்மா நிக்குது."

"அப்ப அனுப்பிவிடு."

"மொதல்ல மாட்டு வண்டி நகரணும்மா."

 அம்மா மெதுவாக, "வெறும் வயித்துல வெயில்ல நிக்காத. போய் நெழல்ல உக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சேர்மன் குடும்பத்தோடு கொடைக்கானலில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன். மேடையை உடைக்க வேண்டியிருக்கும் என்றேன். "அது கிரானைட்டும்மா. அதுல ஒரு கீறல் விழுந்தா அதான் உனக்குக் கடைசி நாள்" என்றார். பின்னால் படகுத் துறை சத்தம் கேட்டது. அவருக்குச் சுற்றிலும் தண்ணீர்.

தொழுகை நேரம்

மதியம் நெருங்கும்போது எதிர் பிளாட்டின் சங்கச் செயலாளர் ஸ்ரீதர் வந்தார். சாஃப்ட்வேர்க்காரர். ஷார்ட்ஸ் போட்டிருந்தார், தலையில் ஷாம்பு நுரை காய்ந்திருந்தது.

"மேடம், பாதி குளியல்ல தண்ணி நின்னுடுச்சு. மூணு பிளாக்லயும் ஜீரோ. ரெசிடென்ட்ஸ் எல்லாம் என்னைத் திட்டறாங்க. இங்க எக்ஸாக்ட்லி என்ன ப்ராப்ளம்?"

சொன்னேன். மேடையைச் சுற்றி வந்தார். "ஸோ, இந்த வீல் ஃப்ரீ ஆனா எல்லாமே ஃப்ரீ ஆயிடும். சிங்கிள் டிபெண்டன்ஸி" என்றார். பிறகு லாரி டிரைவர்களைப் பார்த்து, "கடப்பாரை இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. சுத்தியலும் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "எனக்கு லுஹர் தொழுகை நேரம். பின்னாடி ஸ்டோர் ரூமுக்குப் போறேன். தொழும்போது எனக்கு எதுவும் காதுல விழாது. இங்க யாராவது எதையாவது உடைச்சா நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தொழுமுன் முகம், கை, கால் கழுவும் ஒளுவுக்குத் தண்ணீர் இல்லை. பூஜை முடியும்வரை லாரிக் குழாயை யாரும் தொடக்கூடாதாம். தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. மண்ணுக்கு அந்த மியூசியத்தில் பஞ்சம் வந்ததே இல்லை. அன்று வழக்கத்தைவிட நிதானமாகத் தொழுதேன். கடப்பாரைச் சத்தம் நன்றாகவே கேட்டது.

திரும்பி வந்தபோது கிரானைட் நான்கு துண்டாகக் கிடந்தது. டிரைவர்களோடு சேர்ந்து ஸ்ரீதரும் பிளாட்டுக்காரர்கள் சிலரும் சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடியே சுத்தியல் அடித்தார். இன்ஜினியர் சொன்னது உண்மைதான், பூகம்பத்துக்கு அது அசைந்திருக்காது. தண்ணீர் வராத பிளாட்டுக்காரர்கள் விஷயம் வேறு.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு இரண்டு சக்கரமும் வெளியே வந்தன. மடி இழந்த காளைகளை ஓரமாக இழுத்துவிட்டோம். கன்னியப்பன் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். அச்சுக்கு எண்ணெய் விட்டார். நுகத்தடியின் வலப்பக்கம் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

இடப்பக்கம் காலி

"இழுக்க வேண்டியதுதானேண்ணா?" என்றேன்.

"எடது பக்கம் அவன் நிக்கணும்."

மாடுகளை விற்ற பிறகு, பூஜையன்று அண்ணன் வலப்பக்கமும் தம்பி இடப்பக்கமும் நுகத்தடியைத் தூக்கித்தான் வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றுவார்களாம். வேறு யாரும் தொடக்கூடாதாம். ஒரு டிரைவர், "நான் நிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டார். "உங்க அப்பாரு வண்டியா இது?" என்றார் கன்னியப்பன்.

ஏகாம்பரத்தைக் கூட்டி வந்தேன். அண்ணனிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்று, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நேரம் போவுது. அவன வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார் கன்னியப்பன், என்னிடம்.

நான் திரும்பி, "அண்ணன் உங்களை வந்து நிக்கச் சொல்றாரு" என்றேன்.

"காதுல வுயிந்துச்சு. போர்டுல என் பேரு மொதல்ல போட்டா நிக்கிறேன்னு சொல்லுங்க."

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். "எனக்கும் காதுல வுயிந்துச்சு" என்றார் கன்னியப்பன். "பெரியவன் நான் குத்துக்கல்லாட்டம் கீறப்போ சின்னவன் பேரு மொதல்ல வருமான்னு கேளுங்க."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாரு, கொட்ற மய்யில வண்டிய ஓட்டிகினு மார்க்கெட்டுக்குப் போனது யாருன்னு கேளுங்க மேடம். அவுரு வூட்ல படுத்துகினு இருந்தாரு."

"படுத்துகினு இருந்தேனா? எனுக்கு அப்ப டைபாய்டுன்னு சொல்லுங்க."

இப்படியே போனது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் மனைவிமார் இருவரும் ஓரமாக ஒரே தூணில் சாய்ந்து, ஒரே தட்டிலிருந்து சுண்டல் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட அவர்களுக்கு நேரம் இல்லை.

வெயில் சாய்ந்தது. அம்மா மறுபடி கூப்பிட்டார். விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். அத்தா வாசலில் நின்று, வருகிறவர்களிடம் தன் செருப்புக் கடையைப் பற்றியே பேசிப் பேசி உள்ளே விடாமல் சமாளிக்கிறாராம். இருபது வருஷமாக அந்த மனிதர் வீட்டில் யாரையும் தண்ணீர் இல்லாமல் உட்கார வைத்ததில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வரும். அன்று உடம்பில் அதற்கும் தண்ணீர் இல்லை.

துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினேன். நேராகப் போய் நுகத்தடியின் இடப்பக்கம் நின்றேன். தோள் கொடுத்துத் தூக்கினேன். மாடுகள் மேல் எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த மரியாதை இன்றுவரை போகவில்லை.

"ம், இழுங்கண்ணா" என்றேன் கன்னியப்பனிடம்.

 ஏகாம்பரம் பதறிவிட்டார்.

"இன்னா மேடம் நீங்க? நோம்பு புடிச்சிகினு கீற பொண்ணு நுகத்தடி தூக்கறதா? நவுருங்க, தோள்பட்ட எறங்கிடும்."

"நீங்கதான் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களே. எங்க வீட்டு வாசல்ல ஆளுங்க வந்து நிக்கிறாங்க. எங்க அத்தாவுக்கு அவங்க முகத்தைப் பாக்க முடியல. எனக்கு பேரு வேணாம், போர்டு வேணாம். தண்ணி போனா போதும்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு, இடப்பக்கம் தோள் கொடுத்தார்.

டைல்ஸ்

பழம் நசுங்கிய சத்தம் நன்றாகக் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம். ஸ்ரீதர் விசில் அடித்தார்.

வண்டி நிற்கவில்லை.

இன்ஜினியர் கொடுத்த சரிவு ஞாபகம் இருக்கிறதா? புதிதாக எண்ணெய் குடித்த அச்சு. பார வண்டி அதன் போக்கில் இறங்கியது. அண்ணனும் தம்பியும் இழுக்கவில்லை, வண்டி பின்னாலிருந்து தள்ள அவர்கள் முன்னால் ஓடினார்கள். வாசலைத் தாண்டி, ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிரே பிளாட்டின் திறந்த கேட்டுக்குள் போனார்கள். வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் சல்யூட் அடித்தார். பட்டு வேட்டி ஒன்று வழியில் அவிழ்ந்து, அவர் மனைவி அதைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். நல்லவேளை, உள்ளே டிரவுசர் இருந்தது.

நாங்கள் எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தபோது, வண்டி விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு குவாலிஸுக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் கச்சிதமாக நின்றிருந்தது. அந்த இடம்தான் அவர்களுடைய பழைய களமாம். நெல் இறக்க வண்டியைக் கொண்டுவந்து திருப்பி நிறுத்தும் இடம். இரண்டு பேரும் சொல்லி வைத்ததுபோல அங்கே திரும்பி நின்றிருக்கிறார்கள்.

வண்டி மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. கன்னியப்பன் நுகத்தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேடம் என்று கூப்பிடாமல், கத்தினார்:

"கல்லு வைடா."

"இங்க ஏதுண்ணா கல்லு? எல்லாம் டைல்ஸு" என்றார் ஏகாம்பரம்.

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். வண்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். பேசிவிட்டது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. எனக்கு எங்கிருந்தோ தண்ணீர் கிடைத்து அழுகை வந்துவிட்டது.

ரோட்டில் லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்து, பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பின. செலையூர் லாரி முதலில் போகட்டும் என்று ஏகாம்பரம் கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். என் பையில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. தண்ணீருக்கு, கடைசி லாரியின் குழாயைக் கன்னியப்பன் மனைவி எனக்காகத் திறந்துவிட்டார். கணவரின் வேட்டி இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். கூடவே ஒரு பை நிறையப் பொரி கொடுத்தார்.

வீட்டில் அம்மா கேட்டதை நான் அப்புறம்தான் கேள்விப்பட்டேன். லாரிக்காரர் கதையைச் சொன்னதும், "என் பொண்ணு மாட்டு வண்டி இழுத்தாளா? எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லாதீங்க, இன்னும் மாப்பிள்ளை பாக்கல" என்றாராம்.

இரண்டு போர்டு

பூஜை போட்ட வண்டியை அன்றே திரும்பத் தொடக்கூடாது என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் போய்ப் பார்த்தபோது, நுகத்தடியில் பிளாட் சங்கத்தின் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'உங்கள் வாகனம் தவறான இடத்தில் நிறுத்தப்பட்டுள்ளது.' வாட்ச்மேன் கடமை தவறாதவர். ஸ்ரீதர் என்னிடம் பலமுறை ஸாரி சொன்னார். உரித்துப் பார்த்தோம், மரமும் கூடவே வந்தது. அப்படியே விட்டுவிட்டு, வண்டியை மியூசியத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

சேர்மன் கொடைக்கானலிலிருந்து நேராக வந்து, உடைந்த கிரானைட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் இரண்டு பக்கமும் நின்றிருந்த கன்னியப்பனையும் ஏகாம்பரத்தையும் பார்த்தார். அவருடைய பிளாட்டுகளுக்கெல்லாம் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "பரவால்லம்மா, ஆண்டிக் பீஸ்னா கொஞ்சம் உடைஞ்சுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்டு மட்டும் பாக்கி. "ரெண்டு பேர் பேரும் போட்டே ஆகணும். யார் முதல்லன்னு இப்பவே சொல்லுங்க" என்றேன். மறுபடி இருவரும் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கும் முன்பே கன்னியப்பன் சொன்னார்:

"நுகத்தடில எப்டி நிக்கிறோமோ அப்டி போடுங்க. நான் வலது, அவன் எடது."

நியாயமாகப் பட்டது. நுகத்தடிக்கு முன்னால் போர்டை வைத்து எழுதினேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன். வண்டியின் எதிரே நின்று பார்க்கிறவருக்கு வலது மாடு இடப்பக்கம்தானே தெரியும்? படித்தால் 'கன்னியப்பன் – ஏகாம்பரம்' என்று வந்தது. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏகாம்பரம் போர்டைப் பார்த்தார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். வண்டிக்காரன் ஏறுகிற பக்கம்.

"மேடம், இங்கயும் ஒண்ணு போடுங்க. அதே மாரி, நுகத்தடில நிக்கிறா மாரியே."

போட்டேன். பின்னால் நின்று படித்தால் 'ஏகாம்பரம் – கன்னியப்பன்.' கன்னியப்பன் வந்து பார்த்தார். தான் வகுத்த விதிதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓட்டனவன்ல, பின்னாலதான் நிப்பான்" என்றார், தம்பியைப் பார்த்தே.

அந்த வேலையை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. இன்றும் அந்த வண்டிக்கு இரண்டு போர்டு, ஒரு பார்க்கிங் ஸ்டிக்கர். ஆயுத பூஜையன்று காலையில் எனக்குப் போன் வரும். எப்போதும் தம்பிதான் பேசுவார்.

"மேடம், பழம் நசுங்கிடுச்சு. உங்க வூட்டுக்கு லாரி கெளம்பிடுச்சு."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்கும்: "போன்ல அப்பறம் பேசுவ. கல்லு வைடா மொதல்ல."